நான்காவது நிழற்குடைக்குப் பதில் குடிநீர்த் தொட்டி கேட்டு மனு

அனுப்புநர்: கிழக்குத் தெரு, மேட்டுத் தெரு பொதுமக்கள்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: தொகுதி மேம்பாட்டு நிதியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் விலக்கில் ஏற்கெனவே மூன்று பயணியர் நிழற்குடைகள் நிற்கின்றன. ஒன்று பழைய எம்.எல்.ஏ. கட்டியது, ஒன்று எம்.பி. நிதியில் வந்தது, மூன்றாவது இப்போதைய எம்.எல்.ஏ. தந்தது. மூன்றிலும் ஊர்ப் பெயரைவிட அவரவர் பெயர்தான் பெரிது. தேர்தல் நடத்தை விதி வந்தால் அந்த எழுத்துகளைத் தாள் ஒட்டி மறைப்பதே ஊராட்சிக்கு ஒரு வேலை. நிற்கிற வண்டி என்னவோ ஒரே ஒரு டவுன் பஸ். இப்போது நான்காவதுக்கும் இடம் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கிழக்குத் தெரு தொட்டியின் தூண்களில் காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அடியிலேயே அங்கன்வாடி. பாரம் தாங்காது என்று ஆபரேட்டர் பாதித் தொட்டிதான் ஏற்றுகிறார். அதனால் மேட்டுத் தெருக் குழாய்களில் தண்ணீர் வருவதில்லை.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் நாலு பேர் கண்ணில் படுகிற வேலையைத்தான் செய்வார். அதில் எங்களுக்கு வருத்தமில்லை; அந்த ஆசையில் அவர்கள் போட்டுத் தந்த விளக்கு வெளிச்சத்தில்தான் நாங்களும் நடக்கிறோம். நிழற்குடை மெயின் ரோட்டில் இருக்கிறது, சில மாதத்தில் திறப்பு விழாவும் வைத்துவிடலாம். தொட்டி தெருவுக்குள் இருக்கிறது, டெண்டர், மண் பரிசோதனை என்று இழுக்கும். சிக்கல் அவ்வளவுதான்.

1993-ல் தொடங்கிய எம்.பி. நிதி 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்; எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. இரண்டிலும் உறுப்பினர்கள் பரிந்துரைக்கத்தான் முடியும். நிர்வாக அனுமதி தாங்கள் தருவது. ஆகவே நிழற்குடைக் கோப்பு தங்கள் மேசைக்கு வரும்போது, அந்த ஊருக்கு நான்காவது எதற்கு என்று ஒரு வரி கேட்டு, புதிய தொட்டிக்குப் பரிந்துரை அனுப்பும்படி எழுத வேண்டுகிறோம். தொட்டி வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போட்டிருக்கிறோம்.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை, ஐயா. தொட்டி நிழற்குடையைவிட உயரம். சுற்றிலும் எழுதினால் மெயின் ரோட்டிலிருந்தே படிக்கலாம். இதையும் உறுப்பினர்களிடம் தாங்கள் எடுத்துச் சொல்லலாம்.

அதுவரை, பழைய தூண்களைப் பார்க்க இந்த வாரமே ஒரு பொறியாளரை அனுப்பவும், அங்கன்வாடியை வேறு கட்டடத்துக்கு மாற்றவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், தூண்களின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்