என் இடது கையோடு நின்றவர்களுக்கு

முந்தாநாள் லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு 1 பியானோ தேர்வு முடிவு வந்தது. 100க்கு 71. பாஸ் மார்க் 60, மெரிட் என்றால் 75 வேண்டும். மெரிட் இல்லையே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். போன வருஷம் என் இடது கை பலம் இழந்துபோனது, அந்தக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அப்போது என்னோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த வாரத்தைக் கடக்க எனக்கு மனசு வரவில்லை.

நரம்பு மருத்துவருக்கும், ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுத்த பிசியோ தங்கச்சிக்கும், கேட்காமலே என் சீட் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட ஆபீஸ் நண்பர்களுக்கும், தினமும் தலை பின்னிவிட்ட அண்ணிக்கும், ஒரே நான்கு பாரை (தாளக் கட்டத்தை) வாரக்கணக்கில் பொறுமையாகக் கேட்ட பியானோ மிஸ்ஸுக்கும், இந்த வயதில் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாத என் வீட்டுக்காரருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் ஒவ்வொருவரும் செய்ததற்குத் தனித்தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.

ஆனால் இன்றைக்கு நான் விரிவாகச் சொல்ல நினைப்பது பியானோ ட்யூன் செய்ய வந்த ஐயாவைப் பற்றி.

எங்கள் வீட்டில் இருப்பது பெரியம்மா கொடுத்த பழைய அப்ரைட் பியானோ. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் எந்தப் பியானோவும் சுருதி விலகித்தான் இருக்கும். 200க்கும் மேற்பட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சரிசெய்வது அரைநாள் வேலை. ஐயா வேலையை முடித்துப் பையைக் கட்டிவிட்டு, "ஏதாவது வாசிங்கம்மா, கேக்கறேன்" என்றார். சி மேஜர் ஸ்கேலை (ஸ்வர வரிசையை) இரண்டு கையாலும் வாசித்தேன். இடது கை சுண்டுவிரலில் தொடங்கி மேலே ஏறும், கட்டைவிரல் வந்ததும் நடுவிரல் அதைத் தாண்டி அடுத்த கீயில் (பியானோ கட்டையில்) விழ வேண்டும். அந்த இடத்தில் வழக்கம்போல என் கை நின்றுவிட்டது. "கையில பலம் இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஏன், எப்போது என்று ஒன்றும் கேட்கவில்லை. "பத்து ரூபாய் காசு இருக்குமாம்மா?" என்றார். சாமி அலமாரி உண்டியலைக் கவிழ்த்துக் கொடுத்தேன். ஒரு கீயின் நுனியில் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு கீ இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். பத்து ரூபாய்க் காசு ஒன்று ஏழே முக்கால் கிராம் என்பதால் ஆறேழு காசில் இறங்கிவிட வேண்டும். வலது பக்கத்துக் கீகள் அப்படித்தான் இறங்கின. இடது பக்கத்தில் பத்து காசு வைத்தும் சில கீகள் அசையவே இல்லை.

"உங்க கை மட்டும் இல்லம்மா. கீயே இறுகியிருக்கு."

பையைத் திரும்பப் பிரித்தார். முன்பலகையைக் கழற்றி, இடது பக்கத்துக் கீகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தார். கீ சரியாக ஏறி இறங்க, அதன் துளைகளுக்குள் மெல்லிய கம்பளித் துணி ஒட்டியிருக்கும். ஈரக்காற்றில் அது உப்பி, நடுவில் நிற்கும் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சின்ன இடுக்கி ஒன்றால் அந்தத் துணியை அளவாக நசுக்கி, கீயைத் திரும்ப மாட்டி, காசு அடுக்கிப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி எடுத்தார். அவரை ஒரு சர்ச்சில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் செய்து "லேட் ஆகும்" என்றார், காரணம் சொல்லவில்லை. விளக்கு போடும் நேரம் ஆகிவிட்டது. கூடக் கொடுத்த பணத்தை வாங்க மறுத்து, "பேசினது ட்யூனிங்குக்குத்தானே" என்று கிளம்பிவிட்டார்.

என் கை பலவீனம்தான், இப்போதும் அப்படித்தான். ஆனால் அதுவரைக்கும் வாசிப்பில் எது தடுமாறினாலும் "இனி என்னால் ஆகாது" என்ற ஒரே பதில்தான் என்னிடம் இருந்தது. அப்புறம் கேள்வியே மாறிவிட்டது. எந்த பாரில் நிற்கிறது, எந்த விரலில், வேகம் குறைத்தாலும் நிற்கிறதா? தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டாக இறக்கி, இடது கையை மட்டும் தனியாக வாசித்துப் பார்ப்பேன். பாதி நேரம் தடங்கல் விரலுக்கு முந்தைய இடத்தில், மணிக்கட்டு இறுகுவதில் இருக்கும். இந்தப் பழக்கம் பியானோவோடு நிற்கவில்லை. ஜாக்கெட் கொக்கி மாட்டுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது, பழையபடி ஆபீஸ் ஃபைலைத் தூக்குவது எல்லாவற்றையும் இப்படித்தான் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கற்றுக்கொண்டேன். வருஷக்கணக்கில் பரபரப்பாகவே வாழ்ந்த எனக்கு இந்த நிதானம் புதுசு. நாற்பது வயதில் இது எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாகக்கூட இருக்கிறது.

தேர்வில் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 22 மார்க். முழு மெட்டும் இடது கையில் வருகிற பாட்டு ஒன்றை வேண்டுமென்றே எடுத்தேன். மிஸ் வேண்டாம் என்றார். அதில் 16 கிடைத்திருக்கிறது. ஐயா, அந்த 16 உங்களுடையது.

நானும் ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். பிசியோவுக்கு வருகிறவர்களில் யாருக்காவது விரலைக் கீயின்மேல் வைத்துப் பார்க்க ஆசை இருந்தால், சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஐந்து விரலுக்கான பயிற்சி வரைக்கும் என்னால் சொல்லித்தர முடியும். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, காசும் வேண்டாம். கீழ்வீட்டுத் தாத்தாவிடம் கேட்டுவிட்டேன், பன்னிரண்டு மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கச் சொன்னார். அவருக்கும் என் நன்றி.