பள்ளி வாகன ஆய்வுக் குழுவினருக்கு: சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

மாவட்டப் பள்ளி வாகன ஆய்வுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் முன்சக்கரம் கழன்று வாய்க்காலுக்குள் இறங்கிய பள்ளிப் பேருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் நீங்கள் பார்த்து, சரி என்று அனுப்பிய வண்டிதான் அது. நல்லவேளை, பிள்ளைகள் சிராய்ப்போடு தப்பினார்கள். "பள்ளத்தில் வேகமாக இறக்கியதால் ஆக்சில் உடைந்தது" என்று விசாரணையை முடித்துவிட்டீர்கள். ஓட்டுநருக்கு வேலை போய்விட்டது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

உடைந்த ஸ்டப் ஆக்சில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு, எங்கள் பட்டறைக்குத்தான் வந்தது. கிரீஸைத் துடைத்துவிட்டு முறிந்த முகத்தைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டிய வளைவில் ஒரு சின்னத் துருப்புள்ளி. அதிலிருந்து, குளம் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகளைப் போல வரிவரியாகக் கீறல் பரவியிருந்தது. அவ்வளவு இடமும் கறுத்து, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மேலே கால்வாசி மட்டும் சொரசொரப்பாக, புது இரும்பாக மின்னியது. பள்ளம் உடைத்தது அந்தக் கால்வாசியைத்தான். மற்ற முக்கால் பங்கும் அதற்கு முன்பே விட்டுப்போயிருந்தது. ஒரு நாளில் விழுகிற கீறல் இல்லை அது. அந்த ஓட்டுநர் எவ்வளவு பொறுமையாக ஓட்டியிருந்தாலும், இன்னொரு பள்ளத்தில் உடைந்திருக்கும்.

ஒரே அடியில் உடையாத எஃகு, அதைவிடக் குறைந்த சுமை லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் உடையும். 1842இல் பாரிஸ் அருகே ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து இதை நிறுவினார். கூரான மூலையிலோ துருக்குழியிலோ வெல்டிங் தடத்திலோ முடியளவுக் கீறல் விழும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது திறந்து மூடி, கண்ணுக்கே தெரியாத அளவு முன்னேறும். நீளம் கூடக் கூட வேகமெடுக்கும். சுமையின் ஏற்ற இறக்கம் இரு மடங்கானால், எஃகில் கீறல் வளரும் வேகம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் வண்டிகள் ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம். சாலை போடுகிறவர்களையும் யாரும் கேட்பதில்லை, பள்ளிகளையும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் மாட்டுவது ஓட்டுநர் ஒருவர்தான்.

2012இல் தாம்பரம் அருகே பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். வேண்டியவைதான். ஆனால் சக்கரத்தைக் கழற்றாமல் ஸ்டப் ஆக்சில் தெரியாது. 1998இல் ஜெர்மனியின் எஷடேயில் அதிவேக ரயில் தடம்புரண்டு 101 பேர் இறந்தார்களே, அங்கேயும் சக்கர வளையத்தில் கீறல் உள்பக்கத்திலிருந்துதான் வளர்ந்திருந்தது.

ஆகவே கேட்கிறேன்: ஆய்வுக்கு வருமுன் ஒவ்வொரு வண்டிக்கும் ஹப்பை (சக்கரம் பூட்டியிருக்கும் நடுப்பாகம்) கழற்றி, ஸ்டப் ஆக்சிலில் கீறல் சோதனை செய்த சான்று வேண்டும் என்று உத்தரவிடுங்கள். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயத்தை அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தால் கீறல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்புமே போதுமானதாக இருந்தன. கீறல் கண்டால் மாற்றியே ஆக வேண்டும். வெல்டிங் வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்த ஆக்சில்கள் எங்களிடம் வருகின்றன. பள்ளி வண்டியில் அதை மாட்டுவது கொலைக்குச் சமம். அதைத் தெரிந்தே செய்கிறவர்கள் மேல் ஒரு வழக்காவது போட்டிருக்கிறீர்களா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் மீதான விசாரணையை மறுபடி திறந்து, உடைந்த பாகத்தைப் பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹப்பைக் கழற்றிச் சோதிக்கும் உத்தரவை வரும் மார்ச் மாதத்துக்குள் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் விடுமுறைக்குள் எல்லா வண்டிகளையும் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களால் பார்த்து முடிக்க முடியும்.

இப்படிக்கு,
ஆக்சில் பட்டறைத் தொழிலாளி ஒருவர்