ஒன்பதாவது கேள்வியைத் தாண்டிப் போகாதே

நாகர்கோவில்
ஞாயிறு

மக்களே,

நீ போன் எடுக்கவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. போன் பேசுவது உனக்குப் பாரம், எழுத்து என்றால் படிப்பாய். நீளமாகப் பதில் வேண்டாம். ஒரு எண் போதும், அது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முட்டுவலி பழையபடிதான். அத்தை கொண்டுவந்த ஜாதகம் அலமாரி மேலே கிடக்கிறது, அங்கேயே கிடக்கும். உனக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. இதை நேராகச் சொல்லாவிட்டால் நீ ராத்திரி முழுக்க அதையே யோசிப்பாய்.

குடும்பக் குழுவில் காலையில் நீ போடும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணை நீர்மட்டம் இப்போது வருவதில்லை. பேச்சிப்பாறை 48 அடியில் 44-ஐத் தொட்ட அன்றைக்கும் வரவில்லை. மாமா கேட்டார். அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

வேலைதானா?

வேலை என்றால் அதற்கு ஒரு வழி, வேறு என்றால் வேறு வழி. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் களைத்து ஓய்ந்துபோவதும் மனச்சோர்வும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். நாள் முழுக்க மற்றவர்களைப் போலச் சிரித்து, முகம் பார்த்துப் பேசி, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் ஒரு கட்டத்தில் உடம்பு கைவிட்டுவிடும். பேச்சு வராது. தினமும் செய்த குளியல், துணி துவைப்பது கூட மலையாகத் தெரியும். நேற்றுவரை பொறுத்த மிக்ஸி சத்தம் இன்று பொறுக்காது. இது சோம்பேறித்தனம் இல்லை. இரண்டு மூன்று நாள் ஆள் சத்தம் இல்லாமல் இருந்தால், அணையில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிற ஆசை திரும்புகிறதா என்று பார். திரும்பினால் பெரும்பாலும் களைப்பு. ஓய்வு எடுத்தும் அந்த ஆசையே எழவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். டாக்டரிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மனச்சோர்வுக்கு வழக்கமாக, வெளியே போ, நாலு பேரோடு பழகு என்பார்கள். ஓய்ந்துபோனவளைக் கூட்டத்தில் தள்ளினால் இன்னும் மோசமாகும்.

அதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உனக்குச் சொல்ல வராது, அது உன் தப்பில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்து இருப்பு, தைராய்டு, பி12 நாலும் பார். தயிர்சாதமும் அப்பளமுமாகவே ஓட்டுகிறவளுக்கு இரும்புச்சத்து குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பல்லையும் காட்டு. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மனம் விழுந்து, ரத்தம் வந்த சில நாளில் தெளிகிறதா என்று இரண்டு சுற்றுக்குத் தேதி போட்டு எழுது. ஞாபகத்திலிருந்து சொன்னால் டாக்டருக்குப் பயன்படாது.

இனி டாக்டர். பெங்களூரில் இருந்துகொண்டு ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை. சரி, திட்டவில்லை. சின்ன வயதில் நான் கூடவே உட்கார்ந்து பதில் சொல்வேன். இப்போது நீ பெரியவள், டாக்டர் உன்னைத்தான் கேட்பார். எப்படி இருக்கீங்க என்பார். உன் வாய் தானாக நல்லா இருக்கேன் என்று சொல்லும், சிரிக்கவும் செய்வாய். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் பேசாதே, தாளைக் கொடு. ஒரே பக்கம். முதல் வரி: எனக்கு ஆட்டிசம், என் முகத்தைப் பார்த்து என் நிலையைக் கணிக்க வேண்டாம். அதன் கீழே கடந்த 2 வாரக் கணக்கு: எத்தனை மணி நேரத் தூக்கம், ஒரு நாளைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு, எத்தனை நாள் குளித்தாய், எத்தனை நாள் ஆபீஸ் போகவில்லை. நீல ஃபைலில் உள்ள மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கொடு, அசலைக் கொடுக்காதே. முதல் நாள் காத்திருப்பு நீளும், ஹெட்போனும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்று தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டு 0 முதல் 3 வரை குறிக்கச் சொல்லும். அதில் 'பசியில்லை அல்லது அதிகம் சாப்பிடுகிறேன்' என்று இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருப்பார்கள். எதற்குப் பதில் போடுவது என்று நீ அங்கேயே நின்றுவிடுவாய். இரண்டில் ஒன்று இருந்தாலும் இருக்கிறது என்றே கணக்கு. மற்றதில் ஒன்று முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. உயிர் பற்றிய ஒன்பதாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதே. அதற்கு உள்ளதை உள்ளபடி போடு. ஆஸ்பத்திரியில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளிடம் அதைக் கேட்டிருக்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றும் எனக்குத் தெரியும். உன்னிடம் எழுதக் கை வரவில்லை.

மாத்திரை கொடுத்தால், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றச் சொல். உன்னைப் போன்றவர்களில் பலருக்குச் சின்ன அளவே வேகமாக வேலை செய்யும். குணம் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்னால் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரம் மனம் இன்னும் கலங்கவும் கூடும். அப்படி ஆனால் நீயாக நிறுத்தாதே, அன்றைக்கே டாக்டரிடம் சொல். ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை வாங்கி அறையில் வைக்காதே. பழைய தலைவலி மாத்திரை அட்டைகளையும் வார்டனிடம் கொடுத்துவிடு. காரணம் உனக்குத் தெரியும்.

எண் இதுதான். தினமும் ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று மட்டும் அனுப்பு. 1: சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை செய்தேன். 2: களைப்பு. 3: ஒரு வேளைச் சாப்பாடு அல்லது குளியல் விட்டுப்போயிற்று. 4: பேச்சு வரவில்லை, நாளை லீவு. 5: என்னைத் தனியாக விடாதே. 5 வந்தால் நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், அடுத்த பெங்களூர் ரயிலில் ஏறுவேன். நான் வரும்வரை நீ வார்டன் அறையில் உட்காரு, பேச வேண்டியதில்லை. 14416-க்கு அடித்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி, 24 மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலும் பேசலாம். பேச வரவில்லை என்றால் வார்டனை அடிக்கச் சொல். நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவும் ராத்திரியில் திறந்திருக்கும், வார்டனோடு ஆட்டோவில் போ. எண் வராத ராத்திரியில் வார்டனுக்குப் போன் போடுவேன். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆபீஸ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். உன் மஞ்சள் பட்டை மாற்றுத்திறனாளி அட்டையை (யூடிஐடி) எச்ஆரிடம் மட்டும் காட்டினால் போதும், டீமுக்குச் சொல்லுவதும் சொல்லாததும் உன் இஷ்டம். மெயிலில் சின்ன வயதுக் கதை வேண்டாம். கேட்பதை மட்டும் எழுது: பான்ட்ரி பக்கமில்லாத இருக்கை, வேலை எழுத்தில் வர வேண்டும், மீட்டிங் என்றால் முந்தின நாளே விஷயம் தெரிய வேண்டும், வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை, 4 வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று பேச ஒரு தேதி. ஏதாவது உதவி வேணுமா என்று அவர்கள் பொதுவாகக் கேட்டால் நீ வேண்டாம் என்றுதான் சொல்வாய். அதனால்தான் பட்டியல். நாற்பது பேர் எழுதிய பரீட்சையில் முதலாவதாக வந்து வாங்கிய வேலை, சலுகை கேட்கிறோம் என்று தலைகுனியாதே. மாற்றுத்திறனாளிகளுக்கான 80யூ வரிக்கழிவு பற்றிக் கேட்டிருந்தாய். 75,000 கழிவு பழைய வரிமுறையில்தான். உன் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, விட்டுவிடு.

ஹாஸ்டலில் தனி அறைக்கு மாறிக்கொள், வித்தியாசத் தொகையை அப்பா அனுப்புவார். வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் யாரோடும் பேசாதே. துணி, ரீசார்ஜ், பாங்க் எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமையில் திணிக்காதே.

இன்னொன்று. உனக்கு 18 முடிந்ததிலிருந்து கலெக்டர் கமிட்டியில் எழுதிப்போட்டு கார்டியன் ஆகிவிடு என்று பலர் சொல்கிறார்கள். மாட்டேன். உன் கையெழுத்து உன்னுடையது. ஆனால் 2017 மனநலச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று ஒன்று உண்டு. உனக்கு ஒன்று ஆகி முடிவெடுக்க முடியாமல் போனால் உன் பக்கம் நின்று பேசுகிறவர். வெள்ளைத்தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். என் பெயர்தான் போட வேண்டும் என்றில்லை. சித்தியிடம்தான் நீ எல்லாம் சொல்கிறாய், அவளையே போடு. எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனாலும் போடு. தொட்டால் ஆகாது, டியூப்லைட் ஆகாது, கையைப் பிடித்து அமுக்காதீர்கள் என்பதையும் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் எழுதி அவளிடம் கொடு.

புதன்கிழமை கூரியர் வரும். நேந்திரங்காய் சிப்ஸ், மிளகு போடாதது. இரண்டு பருத்தி டாப்ஸ், லேபிளை வெட்டி, துவைத்து வைத்திருக்கிறேன். புதுத் துணி வாசனை இருக்காது. ஓடிபி கேட்டால் வார்டனை வாங்கச் சொல்.

இன்று ராத்திரி 9 மணிக்கு எண். மாத்திரை அட்டைகள் இன்றைக்கே வார்டனிடம்.

அம்மா