பஞ்சு காதைக் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பகுதியில், 'காது இரைச்சல் முதியவர்களின் தொல்லை. சத்தமான இடத்தில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். உங்கள் நாளிதழில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற கடற்கரை இது. அதனால்தான் மனம் பொறுக்கவில்லை.

பஞ்சுக்குள் காற்று புகும். காற்று புகுந்தால் சத்தமும் புகும். சத்தத்தின் அளவு 85 டெசிபல் என்றால் காது தாங்குவது 8 மணி நேரம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி என்பது கணக்கு. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பாம்பன், மண்டபம் விசைப்படகுகளில் எஞ்சின் பக்கத்திலேயே இரவைக் கழிக்கும் பையன்கள், அந்த இரைச்சலை மீறிக் கேட்க இயர்போனில் பாட்டை இன்னும் கூட்டுகிறார்கள். கரைக்கு வந்த பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்கிறது. மறுநாள் அடங்கினாலும் பாதிப்பு இல்லை என்று ஆகாது. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

ஃபோம் இயர் பிளக், அதாவது அழுத்தினால் சுருங்கிப் பிறகு விரியும் காதடைப்பான் வேண்டும். டீசல் கையோடு தொடக்கூடாது, காதில் சீழ் வைக்கலாம். சோப்பால் கழுவித் துடைத்த விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. சரியாகப் போட்டால் பேசுகிறவருக்கே தன் குரல் தலைக்குள் கேட்கும்.

சொல்ல வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். திருவிழாவில் அடுக்கிய ஒலிபெருக்கிகளைப் பெரிய படமாகப் போட்டு 'களைகட்டியது' என்றீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதற்கு முன் காதில் காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்லி ஒரு குறிப்பும் போட்டீர்கள். கிழிந்த செவிப்பறையில் எண்ணெய் போனால் என்ன ஆகும் என்று ஒரு காது மருத்துவரைக் கேட்டிருக்கக் கூடாதா ஐயா?

ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகுகள் இறங்குவதற்குள், அதே பக்கத்தில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். திடீரென ஒரு காது மந்தமானால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல், இரண்டு மூன்று நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்