உணவு அறையின் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்?

கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளின் மாணவர் பேரவையினருக்கு,

வணக்கம். பசியோடு வகுப்புக்கு வரும் சக மாணவர்களுக்காக, உணவுப் பொருள்களை இலவசமாகத் தரும் உணவு அறை நடத்துகிறீர்கள். அதன் மீது எங்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பல இடங்களில் அந்த அறை இரண்டு மூன்று பேரின் உழைப்பில்தான் ஓடுகிறது. அவர்கள் இங்கே இரண்டாண்டுப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அறை பூட்டிக்கொள்கிறது. அடுத்த பேரவை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த ஆண்டு ஒரே ஒரு காரியம்தான் முடியும் என்றால், அந்த அறையைக் கல்லூரியின் நிரந்தர பட்ஜெட்டில் ஏற்றிவிடுங்கள்.

இதைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை. 2021இல் வந்த ஏபி 132 என்ற மாநிலச் சட்டப்படி, ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியும் 2022 ஜூலை 1க்குள் உணவு, உறைவிடம் போன்றவற்றுக்கு உதவும் அடிப்படைத் தேவை மையம் ஒன்றையும் அதற்கொரு ஒருங்கிணைப்பாளரையும் ஏற்படுத்தியிருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது, அவர் கையில் வேறு எத்தனை வேலைகள் இருக்கின்றன, சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளம் தற்காலிக மானியத்திலிருந்து வந்தால், மானியம் தீரும் நாளில் பதவியும் போய்விடும்.

கல்லூரியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவின் கூட்டத்தில் பொதுமக்கள் கருத்து நேரத்தில் உருக்கமாகப் பேசிவிட்டு வந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பொது அமைப்புகளின் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் குழு, சில விதிவிலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது. ஆகவே பேசுவதற்கு முன் பொருளை நிரலில் ஏற்றுங்கள். அப்படிக் கேட்கும் உரிமையைக் கல்விச் சட்டத்தின் 72121.5ஆம் பிரிவு பொதுமக்களுக்கே தருகிறது. தீர்மானத்தில் தொகை, வேலை நேரம், பொறுப்பாளர் பதவி, தொடங்கும் தேதி நான்கும் இருக்கட்டும். "ஆதரிக்கிறோம்" என்று மட்டும் சொல்லும் தீர்மானத்தால் ஒரு கிலோ அரிசிகூட வராது.

அடுத்தது கால்ஃப்ரெஷ், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு உணவு வாங்கப் பணம் தரும் அரசுத் திட்டம். உணவு அறை இரண்டு நாள் பசியைத்தான் ஆற்றும். கால்ஃப்ரெஷ் மாதா மாதம் வரும். ஆனால் பாதிநேரமோ அதற்கு மேலோ படிக்கும் 18 முதல் 49 வயது மாணவருக்கு, ஏதாவது ஒரு விலக்கு பொருந்தினால்தான் அது கிடைக்கும். வாரம் சராசரியாக 20 மணி நேர வேலை என்ற விலக்கு மட்டுமே பலருக்குத் தெரியும். கல்வி உதவியின் பகுதியாகப் பகுதிநேர வேலை தரும் வொர்க்-ஸ்டடி திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, அந்தப் பருவத்தில் வேலை செய்ய எண்ணியிருந்தாலே போதும். வேலை இன்னும் அமைந்திருக்க வேண்டியதில்லை. வசதி குறைந்த மாணவர்களுக்கான மாநில உதவித் திட்டமான இஓபிஎஸ்ஸில் இருப்பதும், வேலைத்திறன் வளர்க்கும் திட்டமென்று மாநிலச் சமூக சேவைத் துறை ஒப்புக்கொண்ட படிப்பில் சேர்ந்திருப்பதும்கூட விலக்குதான். கல்லூரியின் எந்தெந்தப் படிப்புகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று கேட்டு வாங்கி, அறைக் கதவிலேயே ஒட்டுங்கள். விண்ணப்பம் பல நேரம் கெட்டுப்போவது தொலைபேசி நேர்காணலில். தெரியாத எண் என்று மாணவர் எடுக்காமல் விட்டுவிடுகிறார். விண்ணப்பிக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

அறையைப் பற்றியும் கொஞ்சம். மாலை வகுப்புக்கு வருபவர் பகலெல்லாம் வேலையில் இருப்பவர். மூன்று மணிக்கு மூடும் அறை அவருக்கு இல்லாத அறைதான். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஏழு வரை திறந்திருக்கட்டும். பேருந்தில் போகிறவரால் பத்து கிலோ மூட்டையைத் தூக்க முடியாது. அரிசி, பருப்பை ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டுங்கள். காரில் தங்குபவருக்கு அடுப்பு கிடையாது. கையால் இழுத்துத் திறக்கும் டின், வேர்க்கடலை வெண்ணெய், சப்பாத்தி போன்ற டொர்டில்லா எல்லாம் அலமாரியில் தனித் தட்டில் இருக்கட்டும். ஃபிரிட்ஜின் வெப்பநிலை 41 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. காலையும் மாலையும் பார்த்துக் குறியுங்கள். சமூகப் பாதுகாப்பு எண் கேட்கவே கேட்காதீர்கள். குடியேற்ற ஆவணமில்லாத மாணவர் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். அவருக்குக் கால்ஃப்ரெஷும் இல்லை என்பதால் இந்த அறை ஒன்றுதான் கதி.

ஓக்லாந்தின் மெரிட் கல்லூரியில் படித்த ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் 1966இல் தொடங்கிய, கறுப்பின மக்களின் உரிமைக்கான பிளாக் பாந்தர் கட்சி, 1969 ஜனவரியில் அந்த ஊர்த் தேவாலயம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கியது. எத்தனையோ ஊர்களுக்குப் பரவிய அந்தப் பணி கட்சியோடு முடிந்துபோனது. அதே 1969இல் மாநிலச் சட்டமான இஓபிஎஸ் இன்றும் நடக்கிறது, சட்டத்திலும் பட்ஜெட்டிலும் ஏறியதால். உழைப்பில் பாந்தர் கட்சியினர் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை.

மே மாதக் கடைசிக் கூட்டத்தில் புதுப் பேரவையிடம் இவற்றை ஒப்படையுங்கள்: நிறைவேறிய தீர்மானத்தின் நகல், உணவு வங்கியோடு செய்த ஒப்பந்தம், குளிர்நிலைக் குறிப்பேடு, கோடை விடுமுறையிலும் பணியில் இருக்கும் ஊழியரின் பெயர். சாவி அந்த ஊழியரிடம் இருக்கட்டும்.

தோழமையுடன்,
மாணவர் உணவு உரிமைக்காக உழைப்போர்