பகல் பன்னிரண்டுக்குப் பூட்டிக் கிடக்கும் பூங்கா

நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் பூங்காவைப் பற்றித்தான் இந்த மடல். கேட்டில் பலகை தொங்குகிறது: காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை. நடுவில் ஏழு மணி நேரம் பூட்டு. மழையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூட்டுக்குப் பால் கவரை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் வேப்பமரத்துக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. அதன் அடிமரம் வரை பேவர் பிளாக் போட்டு இறுக்கியாயிற்று.

போன சித்திரையில் என் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். பதினோரு நாள் அட்டெண்டராகக் கிடந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எங்களை வெளியே போகச் சொல்வார்கள். நாற்பது ஐம்பது பேர் படியிறங்கி வருவோம். எங்கே போவது? மருந்துக்கடை ஓரம், சாக்கடை மூடியின் மேல், ஆட்டோ நிழலில். பக்கத்துக் கட்டிலில் பைக்கிலிருந்து விழுந்த பையன். அவன் அம்மா தினமும் அந்தக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே காலி பெஞ்சு முழுக்கப் புங்கம்பூ பொரி இறைத்தது போல உதிர்ந்து கிடக்கும். "உள்ளாற போயி செத்த நேரம் உக்காந்தா தேவலம்மா, தலைக்குள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு" என்றார் ஒருநாள். காவலாளியைக் கேட்டேன். "நான் என்னம்மா பண்றது, மேல சொன்னாத் தொறந்து விட்டுட்டுப் போறேன்" என்றார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த அம்மா சொன்னது வெறும் ஆற்றாமை என்று தள்ளிவிட வேண்டாம். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்து 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அழுகிறார், கலங்கியிருக்கிறார் என்று நர்ஸ்கள் எழுதிவைத்த குறிப்புகளும் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனால் அவர்கள் மரத்தடிக்குப் போகக்கூட இல்லை, ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி.

இன்னொன்று பிலடெல்பியாவில் நடந்தது, 2018-இல் வெளியானது. நகரத்தில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்படுத்தி, புல் விதைத்து, சில மரங்களும் நட்டார்கள். இன்னொரு வகையில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதைத் தொடவில்லை. பச்சையாக்கிய மனைகளைச் சுற்றிக் குடியிருந்தவர்களில் மனச்சோர்வாக இருக்கிறது என்று சொல்வது, தொடாத இடங்களோடு ஒப்பிட்டால், 41.5 சதவீதம் குறைந்திருந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படி மாற்றமில்லை. எனக்குப் பிடித்தது அங்கே போட்ட வேலி. தாழ்வான மரவேலி, அதிலும் ஆள் நுழைய வழி விட்டிருந்தார்கள். வண்டி கொண்டுவந்து குப்பை கொட்ட முடியாது. மனிதர்கள் போய் உட்காரலாம்.

நம் ஊர்க் கேட்டு இதற்கு நேர்மாறு. பகலில் திறந்தால் குடிகாரர்கள் வருவார்கள், ஜோடிகள் வந்து உட்காருவார்கள் என்று வார்டு உறுப்பினர் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. காலையில் பெருக்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள், பாட்டில்கள் எப்போது விழுகின்றன என்று. எல்லாம் இரவு எட்டு மணிக்குப் பூட்டிய பிறகு சுவர் தாண்டி வருபவை. பகலில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவன் பாட்டிலைத் திறப்பான்? ஜோடிகள் உட்கார்ந்தால் உட்காரட்டுமே. அவர்களுக்கும் வீட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்.

காலை ஐந்து மணிக்கு வருகிறவர்கள் ஷூ போட்டு வருகிறார்கள், நடக்கிறார்கள், நல்லது. வீட்டுவேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, சாப்பாட்டுக் கேரியரோடு வருகிற பெண்ணுக்குக் கிடைப்பது பகல் பன்னிரண்டு மணிதான். மரத்தடியில் உட்கார்ந்தால் அவள் கவலை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மருந்து வேண்டியவர்களுக்கு மருந்துதான் வேண்டும். ஆனால் வெயிலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, சாக்கடை மூடியில் உட்கார்ந்து யாருக்கும் மனசு அடங்கியதில்லை.

புதிதாக எதுவும் கட்டச் சொல்லவில்லை. தயவுசெய்து இன்னொரு செயற்கை நீரூற்று வேண்டாம், இருப்பதே ஓடவில்லை. பகல் ஷிப்டுக்கு ஒரு காவலாளி, ஒரு குடிநீர்க் குழாய், வேப்பமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குப் பேவர் பிளாக்கைப் பெயர்த்தெடுப்பது, இவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவை ரிவியூவுக்குக் கூட்டி வருகிறேன். டோக்கன் போட்டுவிட்டு இரண்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டியிருக்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் இப்போது ரோட்டைக் கடந்துவிடுவார். கேட்டு திறந்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
இந்த ஊரில் வீட்டு வரி கட்டும் ஒருத்தி