சனிக்கிழமை மேட்சுக்கு இறங்காதே, நிலா

அன்பு மகள் நிலாவுக்கு,

செவ்வாய்க்கிழமை கிரிக்கெட் ஆடும்போது உன் தலையில் பந்து பட்டதே, அதைப் பற்றி நேற்றிரவு போனில், "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் அப்பா, சனிக்கிழமை மேட்சில் ஆடப்போகிறேன்" என்றாய். சொல்லி ஐந்து நிமிடம் ஆவதற்குள், தம்பிக்குப் பரீட்சை எப்போது என்று இரண்டாம் முறையாகக் கேட்டாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுபிடிக்கும். டாக்டர் உன் சீட்டில் எழுதியிருக்கும் கன்கஷன் என்ற மூளை அதிர்ச்சியில், தலை வேகமாகக் குலுங்கியதால் நரம்பணுக்களின் வேலை தடுமாறுகிறது. அது ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் தெரியாது. மயங்கி விழவில்லையே என்கிறாய். இப்படி அடிபடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. செவ்வாய்க்கிழமை பந்து ஹெல்மெட்டில் பட்டதும் வந்த தலைசுற்றல், மறுநாள் ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசியது, மெஸ்ஸின் தட்டுச் சத்தம் தாங்காமல் சாப்பிடாமல் எழுந்துவந்தது, அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தது, நேற்று கேட்டதையே மறந்து மறுபடி கேட்டது எல்லாம் அந்த ஒரே அடியின் அறிகுறிகள்தாம்.

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆர்ச்சரின் பந்து ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டதை நாம் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். பரிசோதனையில் தேறி அன்றே மறுபடி மட்டை பிடித்த அவருக்கு, மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் வந்தன. ஆட்டத்திலிருந்து விலகியதோடு அடுத்த டெஸ்டிலும் அவர் ஆடவில்லை. அறிகுறி தாமதமாக வரும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட என்னால் முடியாது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதினேழு வயதில் கபடி ஆடும்போது ஒருவனின் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் இடித்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி களத்தில் இறக்கினார்கள், நானும் பெருமையாக ஆடினேன். அன்று மாலை சைக்கிளில் வீடு திரும்பியவன், நம் தெருவிலேயே எது நம் வீடு என்று தெரியாமல் நின்றேன். அதன்பின் ஒன்றரை மாதம் புத்தகத்தில் எழுத்துகள் நகர்ந்துகொண்டே இருந்தன. 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது: அடிபட்டதும் வெளியேறிய இளம் வீரர்கள் குணமாகச் சராசரியாக 22 நாட்கள் ஆயின, தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாட்கள்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்; உன் வயதில் நான்கு வாரம் வரை ஆகலாம். தொடக்கத்தில் அறிகுறிகள் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத் தாமதமாகும் என்பதால், தலைவலியைக் குறைத்துச் சொல்லாதே. அதற்காக இருட்டறையில் படுத்தே கிடக்கவும் வேண்டாம். ஓரிரு நாள் ஓய்வெடுத்து, போனைக் குறைத்து, பிறகு மெல்ல நடக்கத் தொடங்கினால் நல்லது என்றுதான் இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். முதலில் வகுப்புக்குத் திரும்பு. அதன்பின் லேசான ஓட்டம், தனிப்பயிற்சி, டாக்டர் சம்மதித்த பிறகு வலைப்பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தொல்லை கூடினால் ஒரு படி கீழே. கணக்குப் போட்டுப் பார், சனிக்கிழமை எப்படி வரும்? ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். அந்த ஆபத்து இளவயதினருக்கே அதிகம்.

திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, கைகால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திராமல் அறைத் தோழியை எழுப்பி அவசரப் பிரிவுக்குப் போ.

உன் கோச்சிடம் நானே பேசுகிறேன், நீ சங்கடப்பட வேண்டாம். ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டர் சீட்டையும் அந்த ஹெல்மெட்டையும் எடுத்து வை. அடிவாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, புதிது வாங்கிவிடலாம்.

அன்புடன்,
அப்பா